முன்குறிப்பும் வடிகட்டியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இணையக் குழுக்களில் எழுதுவோரும் படிப்போரும், அவற்றைக் கவனித்துக்கொள்ளும் மட்டுறுத்துநர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. இந்தப் பக்கத்தில் 'முன்குறிப்பு' என்பது பதிவில் என்ன இருக்கிறது என்று எழுதியவரே தம் சொற்களில் முன்னதாகச் சொல்வது. 'முத்திரை' என்பது தளமோ பிறரோ ஒரு பதிவின்மேல் இடும் வகைப்பெயர். 'வடிகட்டி' என்பது இவ்விரண்டையுமோ பதிவிலுள்ள சொற்களையுமோ பார்த்து, பதிவை மறைக்கும் அல்லது மங்கலாக்கும் ஏற்பாடு. மூன்றும் மூன்று வேலைகள். தொல்லைகளில் பெரும்பாலானவை இவற்றை ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் வருபவை.

எந்தெந்தப் பதிவுகளுக்கு முன்குறிப்பு வேண்டும்?

பட்டியல் சிறிதாக இருப்பதே நல்லது. பட்டியல் நீள நீள, அதைப் படிப்பவர் குறைவார். கடைப்பிடிப்பவர் அதனினும் குறைவார். ரசிகர் புனைவுகளைச் சேமித்துவைக்கும் ஆர்கைவ் ஆஃப் அவர் ஓன் என்ற தளம் 2009-ஆம் ஆண்டு முதல் பொதுப் பயன்பாட்டில் இருக்கிறது. அங்கே எழுதுபவர் கட்டாயம் கவனிக்க வேண்டிய எச்சரிக்கைகள் நான்கே: கொடூரமான வன்முறைச் சித்திரிப்பு, முக்கியக் கதைமாந்தரின் மரணம், பாலியல் வன்புணர்வு, வயது வராதோர் தொடர்பான பாலியல் சித்திரிப்பு. மற்றவற்றை விருப்பக் குறிச்சொற்களாகச் சேர்த்துக்கொள்ளலாம், சேர்க்காவிட்டால் குற்றமில்லை. கதைகள் அல்லாத பொதுக் குழுக்களுக்கு நாம் பரிந்துரைப்பவை இரத்தம், காயம், பிணம் தெரியும் படங்கள், நிர்வாணமும் பாலுறவும், தற்கொலை, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளுதல், பாலியல் வன்முறை, விலங்குவதை. உங்கள் குழுவின் இயல்பைப் பொறுத்து ஒன்றிரண்டைக் கூட்டலாம். கருச்சிதைவைப் பற்றிய பேச்சு ஒரு பேறுகாலக் குழுவில் முன்குறிப்போடு வர வேண்டும். அதே பேச்சுக்கு மருத்துவ மாணவர் குழுவில் அது தேவைப்படாது.

'சென்சிட்டிவ்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

செயலிகளின் தமிழ்ப் பதிப்புகளில் காணப்படும் 'உணர்ச்சிகரமான உள்ளடக்கம்' பொருந்தாது. உணர்ச்சிகரமான காட்சி என்றால் நம்மவர்க்கு அண்ணன் தங்கை பாசக் காட்சிதான் நினைவுக்கு வரும். விபத்துப் படம் வராது. தொலைக்காட்சிச் செய்திகளில் நெடுங்காலமாகப் புழங்கும் 'இளகிய மனம் கொண்டவர்கள் தவிர்க்கவும்' என்ற தொடர் அதைவிட மேல் என்றாலும், பார்ப்பவரின் மனத்தைப் பற்றிப் பேசுகிறதே தவிரப் படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்வதில்லை. பொதுச்சொல் ஒன்று வேண்டியிருந்தால் 'மனத்தைப் பாதிக்கக்கூடியது' என்று எழுதலாம். ஆனால் நல்ல முன்குறிப்புக்குப் பொதுச்சொல்லே தேவைப்படாது.

அப்படியானால் நல்ல முன்குறிப்பு எப்படி இருக்கும்?

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். நெடுஞ்சாலை விபத்து ஒன்றைப் பற்றி ஒருவர் ஐந்து படங்களோடு எழுதுகிறார். 'எச்சரிக்கை!! மனதை உலுக்கும் காட்சிகள்' என்று தொடங்கினால் அது முன்குறிப்பு ஆகாது, விளம்பரம் ஆகும். பார்க்க விரும்பாதவரையும் அது பார்க்கத் தூண்டும். 'சாலை விபத்து. 3-ஆம், 4-ஆம் படங்களில் இரத்தம் தெரிகிறது. உடல்கள் இல்லை' என்று எழுதினால் படிப்பவர் தமக்கு வேண்டியதை அரை நொடியில் முடிவு செய்துவிடுவார். தம்பியை விபத்தில் பறிகொடுத்தவர் பதிவையே கடந்து போகலாம். இரத்தம் மட்டும் ஆகாதவர் முதல் இரண்டு படங்களைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்ளலாம்.

இங்கே ஒரு நெறியைச் சொல்லிவைக்கலாம். முன்குறிப்பு பொருளைச் சொல்ல வேண்டும்; தீர்ப்பைச் சொல்லக் கூடாது. நிர்வாணம், இரத்தம், சாதி வன்கொடுமை என்பவை பொருள். ஆபாசம், அருவருப்பு, சர்ச்சைக்குரியது என்பவை தீர்ப்பு. அமெரிக்க நூலகச் சங்கம் 1951-லேயே நூல்களின்மேல் ஒட்டப்படும் சீட்டுகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. வாசகர் தேடியதைக் கண்டுபிடிக்க உதவும் நடுநிலையான சீட்டு ஒன்று, வாசகரை விலக்கிவைக்க ஒட்டப்படும் சீட்டு மற்றொன்று என்ற வேறுபாட்டை அச்சங்கம் இன்றும் வலியுறுத்துகிறது. தமிழில் 'முத்திரை குத்துதல்' என்ற சொல்லுக்கு நாம் ஏற்றிவைத்திருக்கும் கசப்பே இந்த வேறுபாட்டைப் போதுமான அளவு விளக்கிவிடும்.

முன்குறிப்பு எழுதினால் கதையின் திருப்பம் வெளியாகிவிடுமே?

ஆர்கைவ் ஆஃப் அவர் ஓன் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. 'எச்சரிக்கைகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று எழுதியவர் முடிவு செய்துள்ளார்' என்பதும் அங்கே தேர்ந்தெடுக்கத்தக்க ஒரு விடை. 'எச்சரிக்கை எதுவும் பொருந்தாது' என்பதிலிருந்து இது வேறானது. முன்னது 'உள்ளே எதுவும் இருக்கலாம், உங்கள் பொறுப்பில் படியுங்கள்' என்கிறது. பின்னது 'அந்த நான்கும் இல்லை' என்று உறுதி கூறுகிறது. வாய்மூடி இருப்பதையும் வெளிப்படையாக அறிவிக்கச் செய்யும் இந்த ஏற்பாட்டை எல்லாக் குழுக்களும் எடுத்துக்கொள்ளலாம்.

இது அண்மையில் வந்த வழக்கமா?

இல்லை. 1980-களின் தொடக்கத்தில், வலைத்தளங்களுக்கு முற்பட்ட யூஸ்நெட் என்ற கலந்துரையாடல் வலையமைப்பின் குழுக்களில், பலரைப் புண்படுத்தக்கூடிய நகைச்சுவைகளை ஒவ்வோர் ஆங்கில எழுத்தையும் 13 இடம் தள்ளி எழுதி அனுப்பினார்கள். படிக்க விரும்புபவர் ஒரு விசையை அழுத்தி அதை மீட்டுக்கொள்வார். மறைப்பு இருந்தது, தடை இல்லை. திறப்பது படிப்பவர் கையில் இருந்தது. 1996-இல் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு பிக்ஸ் என்ற பெயரில் இணையப் பக்கங்களுக்கு முத்திரையிடும் நெறிமுறை ஒன்றை வகுத்தது. தங்கள் பக்கங்களுக்குத் தாங்களே முத்திரையிட இணையதள உரிமையாளர்கள் பெரிதாக முன்வராததால் அது வழக்கொழிந்தது.

எல்லாவற்றுக்கும் '18+' என்று போட்டுவிட்டால் வேலை முடிந்ததல்லவா?

வேலை கெட்டுவிடும். மார்பகப் புற்றுநோய்ச் சுயபரிசோதனை விளக்கப்படமும் பாலுறவுக் காணொலியும் பிணத்தின் படமும் ஒரே முத்திரைக்குள் வந்தால், அந்த முத்திரையை வைத்து யாரும் எதையும் முடிவு செய்ய முடியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. பல தளங்கள் இம்முத்திரையைப் படிப்பவருக்கான தகவலாக மட்டும் வைத்திருப்பதில்லை. முத்திரை விழுந்த பதிவு தேடலில் வராது, பரிந்துரையில் வராது, விளம்பர வருவாய் பெறாது. ரெடிட்டில் 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதம் இது வேடிக்கையான முறையில் வெளிப்பட்டது. வெளிச் செயலிகள் தளத்தோடு இணைய உதவும் ஏபிஐ இணைப்புக்கான கட்டண உயர்வை எதிர்த்துப் போராடிய சில குழுக்கள், தங்களுக்குத் தாங்களே '18+' முத்திரையைக் குத்திக்கொண்டன. அங்கே விளம்பரம் காட்டப்படாது என்பதால் அடி நேராக வருவாயில் விழுந்தது. பதிவில் என்ன இருக்கிறது என்று சொல்வதற்காகப் பிறந்த முத்திரை, அங்கே போராட்டக் கருவியாயிற்று.

நம் அனுபவத்தில், உண்மையாக முன்குறிப்பு எழுதியவருக்கு அதனால் இழப்பு வரும் இடத்தில் யாரும் உண்மையாக எழுதுவதில்லை. குழு விதிகளை வகுப்பவர்கள் மற்ற எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. முன்குறிப்போடு வந்த பதிவை, முன்குறிப்பு இருக்கிறது என்ற காரணத்துக்காகவே ஒதுக்குவதோ நீக்குவதோ கூடாது.

எந்தத் தளத்தில் என்ன வசதி இருக்கிறது?

மாஸ்டடானில் எழுதும் பெட்டியின் மேலேயே முன்குறிப்புக்கென ஒரு தனி வரி உண்டு. அதை நிரப்பினால் பதிவின் உடல் மறைந்து அந்த வரி மட்டும் தெரியும். படங்களைத் தனியே மங்கலாக்கவும் முடியும். புளூஸ்கையில் படம் இணைக்கும்போது அதைப் பாலியல் சாயல், நிர்வாணம், வெளிப்படையான பாலியல், கொடூரக் காட்சி என்ற வகைகளில் ஒன்றாகக் குறிக்கலாம். படிப்பவர் அந்தந்த வகையை மறைக்கவோ எச்சரிக்கையோடு காட்டவோ அப்படியே காட்டவோ தம் அமைப்புகளில் தீர்மானித்துக்கொள்வார். டெலிகிராமில் சொற்களையும் படங்களையும் 'ஸ்பாய்லர்' திரைக்குப் பின்னால் வைக்கலாம்.

ஃபேஸ்புக் குழுக்களில் எழுதுபவருக்கென இப்படி எளிய வசதி இல்லை. நீண்ட பதிவின் முதல் சில வரிகளைக் காட்டி மீதியை மடித்துவைக்கும் அதன் வழக்கத்தைப் பயன்படுத்தி, முதல் வரியில் முன்குறிப்பை எழுதி, கீழே ஏழெட்டு வரிகளில் வெறும் புள்ளிகளை வைத்துவிட்டுச் செய்தியைத் தொடங்குவது நம்மவர்கள் கண்டுபிடித்த உத்தி. அழகில்லைதான், வேலை செய்கிறது. வாட்ஸ்அப்பில் படம் நேராக வந்து விழும். எனவே முன்குறிப்பை முதலில் தனிச் செய்தியாக அனுப்பி, கேட்பவருக்கு மட்டும் படத்தைத் தனியே அனுப்புவதே முறை. படிப்பவர் தம் பங்குக்குப் படங்கள் தானாகப் பதிவிறங்குவதை அமைப்புகளில் நிறுத்திவைக்கலாம்.

தமிழ்ச் சொல்லைக் கொடுத்து வடிகட்டி வைத்தேன். பாதிப் பதிவுகள் தப்பி வருகின்றன. ஏன்?

தமிழ் இலக்கணம்தான் காரணம். வடிகட்டிகள் எழுத்து வரிசையைத் தேடுகின்றன; நம் சொற்களோ வேற்றுமை, பன்மை, வினை ஈறுகளை ஏற்கும்போது உருமாறுகின்றன. 'மரணம்' என்று வடிகட்டியில் எழுதினால் 'மரணத்தை', 'மரணங்கள்', 'மரணித்தார்' எதுவும் சிக்காது. இவற்றில் ஈற்று மகரமெய் இல்லை. 'மரண' என்ற பகுதியை மட்டும் கொடுக்க வேண்டும். மாஸ்டடான் போன்ற தளங்களில் 'முழுச் சொல் மட்டும்' என்ற தேர்வு இருக்கும். தமிழுக்கு அதை எப்போதும் நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் 'தற்கொலை' பிடிபடும், 'தற்கொலைக்கு' நழுவிவிடும்.

எழுத்துக் கூட்டல் வேறுபாடுகளையும் கவனியுங்கள். 'இரத்தம்', 'ரத்தம்', 'குருதி' மூன்றும் புழக்கத்தில் உள்ளன. 'ரத்த' என்ற பகுதி முதலிரண்டையும் பிடிக்கும். 'கௌரவக் கொலை' என்பதில் ஔகாரக் குறியைச் சரியாகத் தட்டுபவரும் உண்டு, எகரக் குறியோடு ளகர எழுத்தைச் சேர்த்துத் தட்டுபவரும் உண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு. இரண்டையும் கொடுப்பதோடு 'ஆணவக் கொலை' என்பதையும் சேர்க்க வேண்டும். ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுபவர்களுக்குத் தனிப் பட்டியல் வேண்டும். தகரத்துக்கு எச் சேர்ப்பவர், சேர்க்காதவர், வல்லினத்தை இரட்டிப்பவர் என்று ஒரே சொல்லுக்கு நாலைந்து வடிவங்கள் தேறும்.

பகுதியைக் கொடுத்தால் வலை அகலமாகி, வேண்டாத மீனும் விழும். 'மரண' என்று வைத்தால் நண்பர்களின் 'மரண கலாய்' மறையும். 'கொலை' என்று வைத்தால் 'கொலைப்பசியில் இருக்கிறேன்' என்றவரின் பிரியாணிப் படம் மறையும். இதை எழுதுபவர் 'ரத்த' என்று வைத்திருந்த நாள்களில் குழுவில் வந்த ஓ நெகட்டிவ் ரத்தம் கேட்ட அவசரக் கோரிக்கை கண்ணில் படாமலே போயிற்று. எனவே 'முற்றிலும் மறை' என்பதைவிட 'எச்சரிக்கையோடு மறை' என்ற தேர்வே நமக்கு ஏற்றது. மாஸ்டடானின் 2022-ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள முடிகிறது. ஒரு குறிப்பிட்ட துயரச் செய்தி ஓயும்வரை மட்டும் வடிகட்டி வேண்டுமென்றால் அதற்குக் காலக்கெடுவும் விதிக்கலாம்.

மட்டுறுத்துநர் என்ற முறையில், வசைச்சொற்களைப் பட்டியலிட்டுத் தடுத்துவிடலாமா?

தடுக்கலாம், ஆனால் தானாக நீக்கும்படி வைக்காதீர்கள். 'மயிர்' என்ற சொல்லைத் தடைப் பட்டியலில் சேர்த்த குழுவில் 'மயிர்நீப்பின் வாழாக் கவரிமா அன்னார்' என்று தொடங்கும் 969-ஆம் குறளைப் பதிவிட முடியாது. உருமாறிய வடிவங்களும் சிக்கட்டும் என்று 'மயிர' என்ற பகுதியை வைத்தால் 'மயிரிழையில் உயிர் தப்பினார்' என்ற அன்றாடச் செய்தித் தொடரும் நின்றுவிடும். தாமரையைக் குறிக்கும் 'புண்டரீகம்' என்ற சொல்லின் முதற்பகுதி, பேச்சுவழக்கில் ஐகாரம் தேய்ந்து எழுதப்படும் ஒரு வசைச்சொல்லோடு எழுத்துக்கெழுத்து ஒத்துப்போவதால், திருமால் பாசுரங்களுக்கு உரை எழுதுபவர் திகைக்க நேரும். 1996-இல் இங்கிலாந்தின் ஸ்கன்தார்ப் என்ற ஊரைச் சேர்ந்தவர்கள் ஏஓஎல் என்ற இணையச் சேவையில் பதிவு செய்ய முடியாமல் தவித்ததும் இதே காரணத்தால்தான். அவ்வூர்ப் பெயருக்குள் ஓர் ஆங்கில வசைச்சொல் ஒளிந்திருந்தது. பட்டியலில் சிக்கும் பதிவுகள் மனிதர் ஒருவரின் பார்வைக்கு வரிசையில் நிற்கட்டும். மேலும், சாதிப் பெயரை வசையாக எறிபவர் எந்தப் பட்டியலிலும் சிக்காத மென்மையான தமிழில் அதைச் செய்துவிடுவார் என்பதையும் அனுபவமுள்ள மட்டுறுத்துநர்கள் அறிவார்கள்.

'கொ*லை', 'தற்கொ**' என்று நட்சத்திரக் குறியிட்டு எழுதுவது முன்குறிப்பு ஆகுமா?

ஆகாது, எதிர்வேலையே செய்கிறது. தளத்தின் தானியங்கிக் கண்காணிப்புக்கு அஞ்சி, பரவல் குறைந்துவிடும் என்று இப்படி எழுதுகிறார்கள். அதைப் படிக்கும் மனிதர் சொல்லைப் புரிந்துகொள்கிறார். அதே மனிதர் தம் பாதுகாப்புக்காக வைத்திருந்த வடிகட்டிக்கு மட்டும் புரிவதில்லை. அண்மையில் வீட்டில் ஒருவரை இழந்து 'தற்கொலை' என்ற சொல்லை மூன்று மாதம் வடிகட்டி வைத்தவரின் கண்ணுக்கு நேராக அந்தச் செய்தி வந்து நிற்கும். திரைவாசிப்பான் பயன்படுத்தும் பார்வையற்றோருக்கு அந்தச் சொல் துண்டுதுண்டாக ஒலிக்கும். முழுச் சொல்லையும் எழுதுங்கள்.

தானியங்கி முத்திரைகளை நம்பலாமா? கோயில் சிற்பங்களின் படங்களுக்கும் முத்திரை விழுகிறதே?

2018-ஆம் ஆண்டு டிசம்பர் 17 அன்று டம்ளர் தளம் வயதுவந்தோருக்கான உள்ளடக்கத்தை மொத்தமாகத் தடை செய்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன் ஆப்பிள் நிறுவனத்தின் செயலிக் கடையிலிருந்து அதன் செயலி நீக்கப்பட்டிருந்தது. தடையை நடைமுறைப்படுத்த ஏவப்பட்ட மென்பொருள், தொடர்பே இல்லாத சாதாரணப் படங்களையெல்லாம் ஆபாசம் என்று குறித்துப் பெரும் கேலிக்கு ஆளாயிற்று. 2022-இல் அத்தளம் எழுதுபவரே இடும் சமூக முத்திரைகளைக் கொண்டுவந்து, நிர்வாணப் படங்களை ஓரளவு மீண்டும் அனுமதித்தது. நான்கு ஆண்டு அலைந்து தொடங்கிய இடத்துக்கு அருகே வந்து நின்றது என்றே சொல்ல வேண்டும்.

சோழர் காலப் பார்வதிச் செப்புத் திருமேனிக்கு முன்குறிப்பு தேவையில்லை என்பதே எம் கருத்து. கோயிலுக்குள் குடும்பத்தோடு சென்று கும்பிடும் உருவத்தைத் திரையில் மங்கலாக்குவதற்குக் காரணம் இல்லை. பெரிய தளங்கள் பலவற்றின் விதிகளும் சிற்பம், ஓவியம் ஆகியவற்றுக்கு விலக்கு அளிக்கின்றன. பிழை விதியில் இல்லை, உலோகத்தையும் தோலையும் பிரித்தறியாத மென்பொருளில் இருக்கிறது. முத்திரை விழுந்தால் மேல்முறையீடு செய்யுங்கள்.

போர்க்குற்றங்களுக்குச் சான்றான படங்களை மறைப்பது வரலாற்றை மறைப்பதாகாதா?

நீக்குவது அப்படி ஆகும். முன்குறிப்போடு வைப்பது ஆகாது. 2017-இல் யூடியூபின் தானியங்கி முறை, தீவிரவாதக் காணொலிகளைக் களையும் முயற்சியில் சிரியப் போரை ஆவணப்படுத்திய பெருந்தொகையான காணொலிகளையும் சேர்த்து அகற்றியது. சிரியன் ஆர்கைவ் போன்ற அமைப்புகள் போராடி ஒரு பகுதியை மீட்டன. வியட்நாம் போரில் நேபாம் தீயில் வெந்து ஓடிவரும் சிறுமியின் 1972-ஆம் ஆண்டுப் படத்தைக் குழந்தை நிர்வாணம் என்று கருதி 2016-இல் ஃபேஸ்புக் நீக்கியபோது, நார்வேயின் ஆஃப்டன்போஸ்டன் நாளிதழ் முதல் பக்கத்திலேயே எதிர்ப்புத் தெரிவித்தது. நிறுவனம் பின்வாங்க வேண்டியிருந்தது.

தமிழ்க் குழுக்களில் இக்கேள்வி ஆண்டுதோறும் மே மாதம் வரும். முள்ளிவாய்க்காலின் படங்களைப் பகிர்பவர்களில் பலர் அங்கே உறவுகளை இழந்தவர்கள். அவற்றைத் திடீரென எதிர்கொள்ள முடியாமல் தவிப்பவர்களிலும் பலர் அங்கே உறவுகளை இழந்தவர்களே. எனவே இதை உண்மைக்கும் மறதிக்கும் இடையிலான சண்டையாகப் பார்க்கத் தேவையில்லை. படம் இருக்கட்டும், 'மே 2009, முள்ளிவாய்க்கால், இறந்தோரின் உடல்கள்' என்ற ஒரு வரியும் மங்கலான திரையும் அதற்கு முன்னால் இருக்கட்டும். எப்போது, எங்கே எடுக்கப்பட்டது என்ற தகவல் அந்த வரியில் சேரும்போது படத்தின் சான்று மதிப்பு கூடுகிறது. வேறு நாட்டுப் போர்ப்படங்கள் இங்கே எடுத்தவை என்று தவறாகச் சுற்றுவதும் குறையும்.

நான் பட்ட சாதிக் கொடுமையை எழுதினால், அதற்கும் முன்குறிப்பு இடச் சொல்கிறார்கள். இது நியாயமா?

பெரும்பாலும் நியாயம் இல்லை. 2022-ஆம் ஆண்டு இறுதியில் ட்விட்டரிலிருந்து பெருங்கூட்டம் மாஸ்டடானுக்கு இடம்பெயர்ந்தபோது, இனவெறியைப் பற்றி எழுதிய கறுப்பினத்தவர் பலரிடம் 'இதை முன்குறிப்புக்குள் வையுங்கள்' என்று பழைய பயனர்கள் கேட்டுக்கொண்டதும், அது தங்கள் வாழ்க்கையையே மறைத்துவைக்கச் சொல்வதாகும் என்று அவர்கள் சினந்ததும் நடந்தன. நம் குழுக்களில் இது 'அரசியல் பதிவு', 'சர்ச்சைக்குரியது' என்று போடச் சொல்லும் வடிவில் வருகிறது. இரட்டைக்குவளையைப் பற்றி எழுதுவது சர்ச்சைக்குரியது என்று சொல்பவர் உண்மையில் தமக்கு அது சங்கடமாக இருக்கிறது என்றே சொல்கிறார். படிப்பவரின் சங்கடத்தை முன்குறிப்பின் காரணமாக ஏற்கக் கூடாது.

அதே பதிவில் வெட்டுக்காயத்தின் படமோ வன்புணர்வின் விவரமான வருணனையோ இருந்தால், அந்தப் பகுதிக்கு மட்டும் முன்குறிப்பு வேண்டும். அதையும் பொருளைச் சொல்லியே எழுத வேண்டும். அதே துயரத்தைத் தாமும் அனுபவித்த இன்னொருவர் அந்த வரியால் பயன் பெறுவார் என்பதே அதற்குக் காரணம். வேடிக்கை பார்ப்பவரின் வசதி அன்று.

முன்குறிப்பு உண்மையில் மனவேதனையைக் குறைக்கிறதா?

ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. முன்குறிப்புகளைப் பற்றிய பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2023-இல் வெளியான ஒரு மதிப்பாய்வு, அவை பார்த்தபின் வரும் வேதனையைக் குறைப்பதில்லை என்றும் பார்ப்பதற்கு முன் வரும் பதற்றத்தைச் சற்றுக் கூட்டுகின்றன என்றும் கண்டது. மக்கள் அதைக் கண்டு விலகிவிடுவதும் இல்லை. இதைக் காட்டி முன்குறிப்பே வீண் என்பாரும் உண்டு. முன்குறிப்பை மருந்தாகக் கருதியவருக்கு இது ஏமாற்றம்தான். உணவுப் பொட்டலத்தின்மேல் நிலக்கடலை இருக்கிறது என்று அச்சிடுவது ஒவ்வாமையைக் குணப்படுத்துவதற்காக அன்று என்று எண்ணுபவருக்கு இதில் ஏமாற்றம் இல்லை. அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர் பார்க்க, குழந்தை மடியில் இருக்க, பேருந்தில் நின்றபடி எதைத் திறக்கலாம் என்ற முடிவுக்கு அந்த வரி உதவுகிறது.

தற்கொலைச் செய்திகளுக்கு முன்குறிப்பு மட்டும் போதுமா?

போதாது. இங்கே முன்குறிப்பைவிட எழுதும் முறையே முக்கியம். உலகச் சுகாதார நிறுவனத்தின் ஊடக வழிகாட்டுதலும் 2019-இல் இந்தியப் பத்திரிகை மன்றம் ஏற்ற நெறிகளும், கையாண்ட முறையை விவரிக்காதீர்கள், இடத்தைப் பிரபலமாக்காதீர்கள், ஒற்றைக் காரணம் கற்பிக்காதீர்கள் என்கின்றன. 'நீட் தோல்வியால் மாணவி' என்று தலைப்பிடுவதும் கடிதத்தின் படத்தைப் பகிர்வதும் முன்குறிப்பு இட்டாலும் தவறே. உதவி எண்ணைப் பதிவின் இறுதியில் சேருங்கள்: இந்தியாவில் டெலி-மானஸ் 14416, இலங்கையில் தேசிய மனநல உதவி எண் 1926. ஒருவர் தம்மைப் பற்றியே அப்படி எழுதியிருந்தால், அவருடைய பதிவை மறைத்துவிட்டு நகராதீர்கள். முதலில் அவரோடு பேசுங்கள்.

முன்குறிப்பு இட்டால் சட்டத்திலிருந்து பாதுகாப்பு கிடைக்குமா?

கிடைக்காது. இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67, 67ஏ பிரிவுகள் ஆபாசமான, வெளிப்படையான பாலியல் உள்ளடக்கத்தை வெளியிடுவதையே குற்றமாக்குகின்றன; முன்குறிப்பு உள்ளதா என்று அவை கேட்பதில்லை. குழந்தைகள் தொடர்பான பாலியல் படங்களைப் பொறுத்தவரை எந்த முன்குறிப்புக்கும் இடமில்லை. வைத்திருப்பதே குற்றம். 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், சென்னை உயர் நீதிமன்றத்தின் மாறான தீர்ப்பை ரத்துசெய்து இதைத் தெளிவாக்கியது. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆவது பிரிவின்படி குற்றம். 'பகிர்ந்து நீதி கேளுங்கள்' என்ற நல்லெண்ணம் அதற்குச் சமாதானம் ஆகாது.

என் அந்தரங்கப் படத்தை ஒருவர் முத்திரையோடு பதிவிட்டிருக்கிறார். என்ன செய்வது?

அதை மறைக்கக் கேட்காதீர்கள், நீக்கக் கேளுங்கள். இத்தகைய படங்களைப் பாதிக்கப்பட்டவர் புகாரளித்த 24 மணி நேரத்துக்குள் தளங்கள் அகற்ற வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகள் வரையறுத்தன. உருமாற்றிய படங்களுக்கும் அது பொருந்தும். ஸ்டாப்-என்சிஐஐ என்ற சேவையில், படத்தை எங்கும் அனுப்பாமல் அதன் எண்முறை ரேகையை மட்டும் உங்கள் கருவியிலேயே உருவாக்கிப் பதிவு செய்யலாம். பங்கேற்கும் தளங்கள் அந்த ரேகையோடு பொருந்தும் படத்தைத் தடுக்கும். படம் எடுக்கப்பட்டபோது 18 வயது நிறையாதவராக இருந்தால் டேக் இட் டவுன் என்ற சேவை உண்டு.

எது எந்த வகை என்று யார் தீர்மானிப்பது?

இதற்கு எல்லோரும் ஏற்கும் விடை இதுவரை கிடைக்கவில்லை. விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை 2011-இல், படிப்பவர் விரும்பினால் சில வகைப் படங்களை மறைத்துக்கொள்ளும் வசதியைக் கொண்டுவர முனைந்து வாக்கெடுப்பும் நடத்தியது. பலர் வகைப்படுத்துவதையே எதிர்த்தார்கள். நபிகளின் ஓவியம், மருத்துவப் படம், நிர்வாணம் ஆகியவற்றை யார் எந்த அளவுகோலால் பிரிப்பது, பிரித்த பட்டியலை நாளை ஓர் அரசு எடுத்துத் தடைக்குப் பயன்படுத்தினால் என்ன செய்வது என்று கேட்டார்கள். ஜெர்மானிய விக்கிப்பீடியர்களின் எதிர்ப்பு மிகக் கடுமையாக இருந்தது. 2012-இல் திட்டம் கைவிடப்பட்டது.

புளூஸ்கை 2024-இல் வேறு வழியில் சென்றது. முத்திரையிடும் சேவையை யார் வேண்டுமானாலும் நடத்தலாம், படிப்பவர் தமக்குப் பிடித்த சேவைகளுக்குச் சந்தா செய்துகொள்ளலாம், தளத்தின் அடிப்படை மட்டுறுத்தல் மட்டும் எல்லோருக்கும் பொது என்பது அதன் ஏற்பாடு. தமிழ் வசைகளையும் சாதிய வெறுப்பையும் நன்கறிந்த ஒரு குழு தமிழுக்கென ஒரு சேவையை நடத்த இது இடம் தருகிறது. ஆனால் அன்றாடம் உட்கார்ந்து பதிவுகளைப் பார்க்க ஆள் வேண்டும், அவர்களுக்கு ஓய்வும் வேண்டும்.

முன்குறிப்பு இடாதவரிடம் எப்படிச் சொல்வது?

பொதுவெளியில் சொல்லாதீர்கள், பத்துப் பேர் வந்து அறிவுரை சொல்ல, எழுதியவர் குழுவை விட்டே போய்விடுவார். தனிச் செய்தியில் இப்படி எழுதலாம்: 'வணக்கம் ஐயா. இன்று காலை நீங்கள் பகிர்ந்த செய்தி முக்கியமானது. மூன்றாவது படத்தில் இறந்தவரின் முகம் தெரிகிறது. முதல் வரியில் அதைக் குறிப்பிட்டுப் படத்தை மறைப்புக்குள் வைத்துவிட்டால் நன்றாக இருக்கும். எப்படிச் செய்வதென்று வேண்டுமானால் சொல்கிறேன்.' பெரும்பாலானவர்கள் கடைசி வாக்கியத்துக்காகவே காத்திருந்தது போல, 'எப்படிச் செய்வது தம்பி?' என்று கேட்பார்கள். மூன்று முறை சொல்லியும் கேளாதவரின் பதிவில் மட்டுறுத்துநரே முத்திரையிடலாம். அப்போது அதற்கான காரணத்தை அவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

என் பதிவில் தவறாக முத்திரை விழுந்திருக்கிறது. அதை எடுக்கச் சொல்வது எப்படி?

முதலில் அது தளத்தின் முத்திரையா, குழுவின் முத்திரையா, நீங்களே தவறுதலாக இட்டதா என்று பாருங்கள். குழுவினுடையது என்றால் பதிவின் இணைப்போடும், அதில் என்ன இருக்கிறது என்ற ஒரு வரி விளக்கத்தோடும் மட்டுறுத்துநருக்கு எழுதுங்கள். முத்திரையிட்டவர் அல்லாத வேறொருவர் அதைப் பார்ப்பதே முறை. தளத்தினுடையது என்றால் அதன் மேல்முறையீட்டுப் படிவத்தை நிரப்புங்கள். இந்தியாவில் பெரிய தளங்கள் குறைதீர் அலுவலர் ஒருவரை வைத்திருக்க வேண்டும். அவருடைய முடிவில் நிறைவில்லை என்றால் 2023 முதல் செயல்படும் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு இணையம் வழியாகவே செல்லலாம். முத்திரை தெரியும் திரைப்பிடிப்பை (ஸ்கிரீன்ஷாட்) முன்னதாகவே எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். மேல்முறையீடு முடிவதற்குள் அந்த முத்திரை சத்தமில்லாமல் மறைந்துவிட்டால், அது இருந்ததற்கு உங்களிடம் வேறு சான்று இருக்காது.